புளியரை ஏத்தத்தில் பின்பக்கமாக

"தோத்தவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஜெயிச்சவன் இந்த உலகத்துல நான் ஒருத்தன்தாம்வே" என்றார் செல்லப்பா. "புளியரை மலை ஏத்தம், கார் ரேஸ். மொத்தம் பதினோரு கார். பத்துக் காரும் முன்னால பாத்து ஏறுது. நான் மட்டும் பின்பக்கமா ஏறுதேன். ரிவர்சுல! அடிவாரத்துல இருந்து உச்சி வரைக்கும். பின்னால வார வெள்ளக்காரன் ஒவ்வொருத்தனும் பல்லக் கடிக்கது எனக்கு நேர் எதிர தெரியுது. ஒருத்தனுக்குக் கும்பிடுகூடப் போட்டேன்."

"போன வருசம் பத்துக் கார்னு சொன்னீரு" என்றார் தாவீது, ஒரு அம்பாசடர் காருக்கு அடியில் படுத்துக்கொண்டே. கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"ஒண்ணு லேட்டா வந்துச்சு."

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் தாவீதின் ஒர்க்‌ஷாப். அங்கே தினமும் சாயங்காலம் நாலு பேர் கூடுவார்கள். நாலு பேருக்கும் காரென்றால் உயிர். நாலு பேரிடமும் கார் கிடையாது. தாவீதுக்கு ஊரார் கார் எல்லாம் சொந்தக் கார் மாதிரி. ஒரு வண்டி தெருமுனையில் இருமினால் போதும், அதற்கு எந்த பிளக்கில் கரி, அதன் முதலாளிக்கு எவ்வளவு கஞ்சத்தனம் என்று இரண்டையும் சொல்லிவிடுவார். ஆதமுக்குப் பஜாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. தாலுகா ஆபீஸ் கிளார்க் சங்கரசுப்புவுக்குத் தன் பிள்ளைகளின் பிறந்த தேதி தெரியாது. ஆனால் இந்த ஊர் வழியாகப் போன கார்களின் நம்பரெல்லாம் மனப்பாடம். நாலாவது ஆள்தான் செல்லப்பா. எழுபது வயது. மேற்கே ஒரு ஜமீனில் டிரைவராக இருந்தவர். கழுத்து வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். எதிரே வருகிறவரை வரவேற்கும்போதுகூடப் பின்னால் யாரோ கூப்பிட்டதுபோலத்தான் நிற்பார்.

அந்த ரேஸ் கதையை ஊரில் மற்றவர்கள் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. கேட்டார்கள், ரசித்தார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். 'ரிவர்சு செல்லப்பா' என்று முகவரி எழுதி வருகிற தபாலைப் போஸ்ட்மேன் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய்க் கொடுப்பார். மல்லுக்கு நின்று மறுத்தவர் தாவீது ஒருவர்தான். டிரைவர் சொன்னதை மெக்கானிக் நம்பினால் ஒர்க்‌ஷாப்பை இழுத்துச் சாத்த வேண்டியதுதான் என்பது அவருடைய கட்சி. பிரேக் பிடிக்கவில்லை என்பான் டிரைவர், பார்த்தால் மிதிக்கு அடியில் செருப்பு மாட்டியிருக்கும். வண்டி இழுக்கவில்லை என்பான், ஹேண்ட் பிரேக் போட்டபடியே திருநெல்வேலி போய் வந்திருப்பான்.

செல்லப்பாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. முதலில் கார் மூன்றுதான் இருந்தது. வருசத்துக்கு ஒன்றாய்க் கூடியது. ஒரு வருசம் ஒரு துரைசானி மயங்கி விழுந்தாள். அடுத்த வருசம் ஒரு சிறுத்தை ரோட்டோரம் ஒதுங்கி வழி விட்டது. இப்படிச் சொல்கிறவர், "ஏன் பின்பக்கமா ஏறினேன்னா, அந்த வண்டியில பெட்ரோல் டாங்க்கு..." என்று ஆரம்பிக்கும்போது யார் காதில் வாங்குவார்கள்? சிறுத்தையிலேயே சிரிப்பு அள்ளிக்கொண்டு போய்விடும். டாங்க்குக்கு ஒருநாளும் முறை வந்ததில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஜமீன்தார் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று உட்கார்ந்திருந்தார். கோப்பை அவருக்குப் போயிற்று. அதில் அவர் பேரை வெட்டினார்கள். "ஓம் பேரையும் அடியில போடச் சொல்லுதேன்டா" என்று சொன்ன ஜமீன்தார், போடச் சொல்லாமலே செத்துப்போனார்.

ராயகிரியில் பொண்ணு கேட்டுப் போனபோது, மாப்பிள்ளைக்கு என்ன இருக்கு என்று கேட்டார்கள். செல்லப்பா இந்த ரேஸைத்தான் சொன்னார். நிலம் இல்லை, நகை இல்லை, ரேஸ் இருந்தது. பேச்சித்தாய் அதை நம்பிக் கழுத்தை நீட்டினாள். அன்றிலிருந்து நாற்பத்தைந்து வருசம் அவளுடைய தம்பி இசக்கிப்பாண்டி, கோயில் கொடைக்கு வந்தாலும் எழவுக்கு வந்தாலும், "அத்தான், வீட்டுக்குள்ள முன்பக்கமா வாரீகளா, பின்பக்கமாவா?" என்பான். பேச்சித்தாய் அவனோடு சண்டை போட்டு எத்தனையோ பொங்கல்படியை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

எண்பத்திரண்டு புரட்டாசியில் அந்தச் செய்தி வந்தது. மெட்ராசிலிருந்து ஒரு கம்பெனி, முப்பத்தைந்தில் நடந்த புளியரை ரேஸைப் படமாக எடுக்கப் போகிறது. ஜமீன்தார்தான் கதாநாயகன்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு வாரம் ஸ்பேனர் சத்தமே கேட்கவில்லை. பேச்சுத்தான்.

"மர ஆரக்கால் வச்ச சக்கரத்துக்கு எங்க போவான்? மாட்டு வண்டிச் சக்கரத்தக் கழத்தி மாட்டிருவான்" என்றார் ஆதம்.

"அதக்கூட விடும். அந்தக் காலத்து நம்பர் பிளேட்டு எப்படி இருக்கும்னு அவனுக்குத் தெரியுமா? நேத்து வாங்குன நம்பர மாட்டிட்டு வருவான். நான் தியேட்டர்லயே எந்திச்சுச் சத்தம் போடுவேன்" என்றார் சங்கரசுப்பு.

"சத்தம்தாம்யா முக்கியம்" என்றார் தாவீது. "ஜமீன்தார் வச்சிருந்த ஃபோர்டு டி மாடல் வண்டிக்கு ஒரு சத்தம் உண்டும்பாங்க. இவன் மோட்டார் சைக்கிள் சத்தத்தப் போடுவான். ஹீரோ ஸ்டியரிங்க ஆட்டுக்கல்லு மாதிரிச் சுத்துவான். ரோடு என்னமோ நேராக் கெடக்கும்."

"நடுவுல பாட்டு வரும்."

"வராம? வண்டி கொண்டை ஊசி வளைவுல நிக்கும், ஹீரோயின் எறங்கி ஆடுவா."

செல்லப்பா மட்டும் எதையும் குறை சொல்லவில்லை. அவர் சிரித்ததைப் பார்த்தால் கோமதியம்மனே தேரை விட்டிறங்கி வந்து கை கொடுத்ததுபோல இருந்தது. "சக்கரம் என்னமும் இருக்கட்டும்வே. பின்பக்கமா ஏறுதத மட்டும் ஒருக்கா காட்டட்டும். வாயால சொன்னா சிரிக்கானுக. படத்துல பாத்தா நம்புவானுக."

கம்பெனியிலிருந்து ஒரு அசிஸ்டென்ட் டைரக்டர் வந்தார். மூக்குக்கண்ணாடி, ஜோல்னாப் பை, நோட்டு. ஜமீன் வீட்டில் விசாரித்து, பழைய டிரைவர் இருக்கிறார் என்று தேடி வந்தவர். ஒர்க்‌ஷாப்பில் ஒரு டயர் மேல் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் எழுதிக்கொண்டார். செல்லப்பா அன்றைக்குச் சிறுத்தையைச் சொல்லவில்லை. துரைசானியைச் சொல்லவில்லை. டாங்க்கைப் பற்றிச் சொன்னது பக்கத்து லாரி இஞ்சின் சத்தத்தில் பாதி அமுங்கிப்போயிற்று. கார்கூட நாலாகக் குறைந்துவிட்டது. அதைத் தாவீது கவனித்தார். கவனித்து, ஆள் பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் சார்" என்றார் செல்லப்பா. "ஒரு இடத்துல 'ஓட்டியவர் செல்லப்பா'ன்னு வரட்டும். எங்க வீட்டுக்காரி பாக்கணும்."

அசிஸ்டென்ட் நோட்டை மூடாமல் நிமிர்ந்தார். 'முப்பது வருட அனுபவம்' என்று எழுதியிருந்த போர்டைப் பார்த்தார். "மெக்கானிக் சார், நீங்க சொல்லுங்க. மலையில ரிவர்ஸ்லயே ஏற முடியுமா? படத்துல வச்சா ஜனங்க சிரிக்கக் கூடாது பாருங்க."

தாவீது கையைக் கழிவுப் பஞ்சில் துடைத்தார். மெட்ராசிலிருந்து வந்த ஒருவர் அவரைச் 'சார்' என்றது வாழ்க்கையில் முதல் தடவை. டி மாடல் வண்டியை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். அதை அவர் சொல்லவில்லை.

"ஆறு மைல் ரிவர்சுல ஏறினா கியர் பல்லு பூராவும் பல்பொடி ஆயிரும் சார். நடக்காத காரியம். அண்ணாச்சி நல்லவரு. ஆனா வாய் பெருசு."

பேனா ஒரு கோடு இழுத்த சத்தம், பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த லாரி இஞ்சினையும் மீறிக் கேட்டது. செல்லப்பா எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார். போகிறவரின் கழுத்து அவர்கள் பக்கமே திரும்பியிருந்தது. அது எப்போதும் அப்படித்தான்.

தை மாதம் புளியரையில் ஷூட்டிங். தாவீதுதான் கார் மெக்கானிக். 'சார்' போட்டுப் பேசியவர்கள் சும்மா விடுவார்களா? எங்கோ ஒரு பழைய பங்களாக் கொட்டகையில் கிடந்த டி மாடல் ஒன்றை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். தாவீது அதைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றிப் போட்டார். மர ஆரக்கால் சக்கரம் அசல். நம்பர் பிளேட்டுகூடப் பரவாயில்லை. பெட்ரோல் டாங்க்கின் மேல் பாதி மட்டும் சல்லடை. சலவை சோப்பைப் பிசைந்து ஓட்டைகளை அடைத்திருந்தார்கள். பாதிக்கு மேல் ஊற்றினால் ஒழுகும்.

சமதரையில் வண்டி பட்டாய் ஓடியது. ஏற்றத்தில் நாலு தென்னை உயரம் போனதும் திக்கித் திக்கி நின்றது. கதாநாயகன் பஞ்சகச்சம் கட்டி, விக் வைத்து, மீசை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், வண்டி நிற்கிறது. இறக்கிக் கொண்டுவந்தால் ஓடுகிறது. ஏற்றினால் நிற்கிறது. தாவீது கார்புரேட்டரை மூன்று தடவை பிரித்துக் கழுவினார். நாலாவது தடவை பிரித்தபோது அது தானாகவே கழன்று கையில் வந்து உட்கார்ந்தது, பழகிப்போய்.

டைரக்டருக்குப் பொறுமை போனது. "ஏறவே வேண்டாம்யா. வண்டிய உச்சியில கொண்டு வச்சிரு. பிரேக்க விட்டுப் பின்பக்கமா உருட்டி விடுவோம். அதைக் காமிராவைத் திருப்பி ஓட்டி எடுத்துட்டா, படத்துல முன்பக்கமா ஏறுற மாதிரி இருக்கும். காலையில ஏழு மணிக்கு வண்டி மேல இருக்கணும்."

கயிறு கட்டி இழுக்கக் கூடாது, அச்சு வளைந்துவிடும் என்று வண்டியின் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். கொண்டுவந்த லாரியும் அன்றைக்கே திரும்பிப் போய்விட்டது.

விடியும்போது தாவீது மட்டும் அடிவாரத்தில் வண்டிப் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டீ கிளாஸைச் சரிவில் நின்ற வண்டியின் சீட்டில் வைத்தார். அடியில் மிச்சமிருந்த டீ பின்பக்கமாகச் சாய்ந்து நின்றது. முன்பக்கம் கிளாஸின் அடிவரை காலி. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சீட்டைத் தூக்கினார். டாங்க் சீட்டுக்கு அடியில். இஞ்சின் முன்னால். நடுவே பம்பு கிடையாது. பெட்ரோல் தானாக வழிந்து போனால்தான் உண்டு. ஏற்றத்தில் இஞ்சின் உயரத்துக்குப் போய்விடுகிறது, பெட்ரோல் பள்ளத்தில் நின்றுவிடுகிறது.

'பெட்ரோல் டாங்க்கு...' என்று செல்லப்பா ஆரம்பித்த அத்தனை சாயங்காலங்களும் அவருக்கு அப்போது காதில் விழுந்தன.

வண்டியைத் திருப்பினார். இப்போது இஞ்சின் பள்ளத்தில், டாங்க் மேட்டில். ரிவர்சுக்கு அதில் பல்சக்கரம் மாற்றுகிற வேலையே இல்லை. காலுக்கு ஒரு மிதி, அவ்வளவுதான். பல்பொடியாகப் போக அதில் பல்லே மாறுவதில்லை. மிதித்தார். வண்டி கிழட்டு யானை பின்வாங்குவதுபோல ஒரு அடி எடுத்து வைத்தது. பிறகு நிற்கவே இல்லை. கழுத்தை வலது தோளுக்கு மேல் திருப்பிக்கொண்டு, நாலு வளைவு. மூன்றாவது வளைவில் மேலேயிருந்து இறங்கி வந்த மலையாள லாரிக்காரன், தன் வண்டியை நிறுத்திவிட்டுக் கும்பிட்டான். தாவீது ஊளையிட்டார். ஐம்பது வயது மனிதர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கைத் தட்டு எடுக்கிறவர், மலை அதிர ஊளையிட்டார். குரங்குகள் குட்டியைத் தூக்கிக்கொண்டு மரம் மாறின.

உச்சியில் வண்டியை மேட்டைப் பார்க்கத் திருப்பி, இஞ்சினை நிறுத்தியபோதுதான் அந்தச் சந்தோசமும் நின்றது.

ஏழு மணிக்கு யூனிட் வந்தது. "எப்படிய்யா ஏத்தின?" என்றார் டைரக்டர்.

சொல்வதற்கு வாய் திறந்தது. முப்பது வருட அனுபவப் போர்டு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"ஊர்க்காரங்கள வச்சுத் தள்ளி ஏத்தினோம் சார்."

கண்ணாடிக்கார அசிஸ்டென்ட் பக்கத்தில் வந்தார். "இந்த வண்டி அந்தக் காலத்துல எப்படித்தான் ஏறுச்சோ? அந்தப் பெரியவர் டாங்க் பத்தி ஏதோ சொன்னாரே? ரெண்டு நாள் இருக்கு, வேணும்னா சீனை மாத்தலாம்."

"பெரியவர் பேச்ச விடுங்க சார்" என்றார் தாவீது.

வண்டியை உருட்டிவிட்டார்கள். மேலேயிருந்து கதாநாயகன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை ஆட்டுக்கல்லாகச் சுற்றினபடியே பின்பக்கமாக இறங்கிப் போனார்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு வாரம் தாவீதுக்குக் கழுத்து திரும்பவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்ப வேண்டும். தலகாணி மாறிவிட்டது என்றார். ஆதம் நம்பினார், சங்கரசுப்பு நம்பினார். செல்லப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம்வே?"

"வலது பக்கம்."

"வலது பக்கம்தான் வரும்" என்றார் செல்லப்பா. தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு வருசம் அவர் ரேஸ் கதையே பேசவில்லை. சாயங்காலம் வருவார், உட்காருவார், தாவீதைப் பார்ப்பார், எழுந்து போவார். அந்தப் பார்வைக்குப் பயந்து தாவீது காருக்கு அடியிலேயே குடித்தனம் நடத்தினார். ரிப்பேர் இல்லாத வண்டிக்கு அடியிலும் போய்ப் படுத்துக்கொண்டார்.

எண்பத்துநாலு மாசியில் படம் சங்கரன்கோவிலுக்கு வந்தது. செல்லப்பா சலவை வேட்டி கட்டி வந்தார். பெண்கள் பக்கம் பேச்சித்தாய், தலைக்கு மல்லிகைப்பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். சினிமாவுக்கு அவள் வந்து இருபது வருசம் இருக்கும். ராயகிரியிலிருந்து இசக்கிப்பாண்டியும் வந்திருந்தான், அத்தானின் வீரத்தைப் பார்க்க.

எழுத்துப் போட்டார்கள். செல்லப்பா சாய்ந்த கழுத்தோடு ஒவ்வொரு பேராக எழுத்துக்கூட்டி வாசித்தார். முடிகிற இடத்தில், 'கார் உதவி: சங்கரன்கோவில் தாவீது' என்று வந்தது. தியேட்டரே விசிலடித்தது. ஆதம் தாவீதின் முதுகில் அறைந்தார். பட்டியல் அதோடு முடிந்துவிட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து பேச்சித்தாய் தலையை நீட்டிப் பார்த்தாள். விட்டுப்போய்விட்டதோ, இன்னும் வருமோ என்று. படம் ஆரம்பித்துவிட்டது.

பாட்டு வந்தது. கதாநாயகி வண்டியிலிருந்து இறங்கி ஆடினாள். பிறகு ரேஸ். மோட்டார் சைக்கிள் சத்தத்தோடு கார் கம்பீரமாக முன்பக்கமாக ஏறியது. ஜனங்கள் கைதட்டினார்கள். அப்போது ஆதம் எழுந்து நின்றார்.

"ஏலே, ஆடு பின்னால நடக்குலே!"

ரோட்டோரம் மேய்ந்துகொண்டிருந்த நாலு வெள்ளாடுகள் பின்பக்கமாக நடந்தன. சக்கரத்துக்கு அடியில் தூசி கிளம்பவில்லை. காற்றிலிருந்து தூசி வந்து சக்கரத்துக்குள் புகுந்தது. விழுந்த இலையொன்று எழும்பிப் போய்க் கிளையில் ஒட்டிக்கொண்டது. தியேட்டர் சிரித்த சிரிப்பில் ஆசனப் பலகை இரண்டு கழன்றது.

"அத்தான்!" என்று கத்தினான் இசக்கிப்பாண்டி. "ஆடுகூட ஒங்க கட்சிதான்!"

பிறகு படத்தை யார் பார்த்தார்கள்? ஊர் முழுக்கச் செல்லப்பாவைப் பார்த்துத்தான் சிரித்தது.

வெளியே டீக்கடையில் கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது. பேச்சித்தாய் ஓரமாக வந்து நின்றாள். தாவீது கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போயிருந்தது.

"அத்தான், இப்பவாவது ஒத்துக்கிடுங்க" என்றான் இசக்கிப்பாண்டி. "ஜமீன்தாரு முன்பக்கமாத்தான ஏறுதாரு?"

செல்லப்பா தாவீதைப் பார்த்தார். ஒரு நிமிசம், இரண்டு நிமிசம். அப்புறம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

"ஆமா மாப்ள. அவருதான் ஓட்டினாரு. நான் அடிவாரத்துல தண்ணிக் கேனு வச்சிட்டு நின்னேன். நான் சொன்னதெல்லாம் பொய். சும்மா அடிச்சு விட்டேன்."

சிரிப்பு சட்டென்று நின்றது. இத்தனை நாள் அவர்கள் சிரித்தது அவர் விட்டுக்கொடுக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான்.

"என்ன சொல்லுதீக?" என்றாள் பேச்சித்தாய். "பொய்யா? அப்ப நான் நாப்பத்தஞ்சு வருசம் இவங்கூட மல்லுக்கட்டினது?"

"விடு பேச்சி. படத்துலயே போட்டுட்டான்."

அவள் தலையிலிருந்த பூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். போடவும் இல்லை, வைக்கவும் இல்லை.

"பொய் சொல்லுதாரு" என்றார் தாவீது.

"அதத்தான ஒத்துக்கிட்டாரு" என்றார் சங்கரசுப்பு.

"இப்பச் சொல்லுததுதான்யா பொய்." தாவீது கிளாஸைக் கீழே வைத்தார். "அந்த வண்டி முன்பக்கமா ஏறாது. டாங்க்கு சீட்டுக்கு அடியில இருக்கு, பம்பு கெடையாது. பெட்ரோலு இஞ்சினுக்கு வராது. பின்பக்கமா ஏறினா வரும். ஷூட்டிங்குல உச்சிக்கு வண்டிய யாரும் தள்ளி ஏத்தல. நான் ஒத்தையில ஏத்தினேன். ரிவர்சுல. அந்தக் கண்ணாடிக்காரன் கேட்டான். சீன மாத்தலாம்னு சொன்னான். நான்தான் அண்ணாச்சி பேச்ச விடுங்கன்னேன்."

டீக்கடைக்காரர் ஆற்றுகிற கையை நிறுத்தினார்.

செல்லப்பா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எத்தன வளைவுவே?"

"நாலு."

"மூணாவது வளைவுல இடது பக்கம் ஒரு பாறை நீட்டிக்கிட்டு இருக்கும்."

"இப்பவும் இருக்கு."

"ஒரு வருசம்வே" என்றார் செல்லப்பா. "தெனமும் வந்து உக்காந்தேன். நீரே சொல்லுவீருன்னு."

பேச்சித்தாய் பூவை இடுப்பில் செருகிக்கொண்டு, தம்பியைப் பார்க்காமல், வீட்டுக்கு நடந்தாள். செல்லப்பா அவள் பின்னாலேயே போனார். கழுத்து மட்டும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"அப்ப அந்தப் பதினோரு காரு? சிறுத்தை?" என்று இசக்கிப்பாண்டி மெதுவாகக் கேட்டான்.

"காரு எத்தனைன்னு எனக்குத் தெரியாது. சிறுத்தையையும் நான் பாக்கல" என்றார் தாவீது. "ஆனா ஏறினாரு. அது நடந்துச்சு."